ஒரு காளையின் வரவு - செலவுக் கணக்கு

ஊர் மந்தையில் திரியும் காளை ஆண்டுக்குச் சில பத்துக் கன்றுகளுக்குத் தந்தையாகலாம். அதன் நல்ல குணமானாலும் கெட்ட குணமானாலும் அக்கம்பக்கத்து ஊர்களோடு நின்றுவிடும். 1949ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்னும் மூன்று அறிஞர்கள், கிளிசரின் கலந்து உறைய வைத்தால் விந்தணுக்கள் மீண்டும் உயிர்ப்புடன் எழும் என்று கண்டறிந்தார்கள். அன்றோடு அந்த எல்லைக் கோடு அழிந்தது. ஒரே காளை நூறு மாவட்டங்களுக்கும், கடல் கடந்த நாடுகளுக்கும், தான் இறந்த பிறகு பிறந்த பசுக்களுக்கும்கூடத் துணையாக முடிந்தது.

அப்படிப் புகழ் பெற்ற காளைகளில் ஒன்று, 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்த 'பானி ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப்' என்னும் ஹோல்ஸ்டீன் காளை. சுருக்கமாகச் 'சீஃப்' என்பார்கள். இதற்குப் பிறந்த பெண் கன்றுகள் மட்டும் 16,000க்கு மேல். இதன் மகன்களும் பேரன்களும் பெயர் பெற்ற காளைகளாயின. இன்றைய அமெரிக்க ஹோல்ஸ்டீன் இனத்தின் ஜீன்களில் ஏறத்தாழ 14 விழுக்காடு இந்த ஒரு காளையிடமிருந்து வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது, அங்கே ஏழு பங்கு ஜீன்களில் ஒரு பங்கு சீஃபினுடையது.

இந்தக் காளைக்கு 2016ஆம் ஆண்டில் ஒரு வரவு - செலவுக் கணக்கு எழுதப்பட்டது. அக்கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்பதும், அதில் விட்டுப்போனது என்ன என்று கேட்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கு சொல்வது என்ன?

ஹீத்தர் ஆடம்ஸ், ஹாரிஸ் லூயின் முதலிய ஆராய்ச்சியாளர்கள் சீஃபின் ஜீன் தொகுதியையும் அதன் மூன்று மகன்களின் ஜீன் தொகுதியையும் முழுமையாகப் படித்தார்கள். ஐந்தாவது குரோமோசோமில் 'அபாஃப்-1' என்னும் ஜீனில் ஒரு பிழை இருந்தது. அப்பிழையினால், அந்த ஜீன் உருவாக்க வேண்டிய புரதம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அதன் பாதிக்கும் மேற்பட்ட பகுதி உருவாவதே இல்லை. கருவில் உறுப்புகள் வடிவம் பெறும்போது வேண்டாத செல்கள் தாமாகவே மடிய வேண்டும். அந்த வேலைக்கு இன்றியமையாதது இப்புரதம்.

நல்ல பிரதி ஒன்றும் கெட்ட பிரதி ஒன்றும் உள்ள மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. சீஃபும் அப்படிப்பட்டதே. இவ்வாறு ஒரு கெட்ட பிரதியை வெளியில் தெரியாமல் வைத்திருப்பதைக் 'கடத்தி' என்பர். கடத்தியான காளையின் விந்து கடத்தியான பசுவுக்குச் சேர்ந்தால், நான்கில் ஒரு கருவுக்கு இரண்டு கெட்ட பிரதிகள் அமையும். அக்கரு பிறப்பதில்லை. பாடப் புத்தகத்தில் நீங்கள் படித்த மெண்டலின் ஒடுங்கு பண்புதான் இது. பட்டாணியில் அது குட்டைச் செடியாக வந்தது. இங்கே வராமலே போன கன்றாக நிற்கிறது.

இந்த ஒரு பிழையினால் 35 ஆண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ 5 லட்சத்து 25 ஆயிரம் கருக்கள் சிதைந்தன என்றும், அதனால் நேர்ந்த இழப்பு சுமார் 42 கோடி டாலர் என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள். கருவுக்கு 800 டாலர் என்ற கணக்கு. இது செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தில், ஒரு சாதாரணக் காளைக்குப் பதிலாகச் சீஃபைப் பயன்படுத்தியதால் அதே 35 ஆண்டுகளில் கிடைத்த கூடுதல் பாலின் மதிப்பு 3,000 கோடி டாலர் என்று கூறப்பட்டது. ஒரு டாலர் இழப்புக்கு எழுபது டாலருக்கு மேல் வரவு! இதைப் படிக்கும் எவரும், 'கருக்கள் போனது வருத்தந்தான். ஆனாலும் சீஃபினால் லாபமே' என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவார்கள்.

கூட்டல் கழித்தலில் பிழை காண நான் முற்படவில்லை. கணக்கு எழுதிய ஏடு சிறியது என்பதே என் குறை.

வராதவர்களை எண்ணிய திறமை

குறை சொல்லுமுன் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட வேண்டும். பிறக்காத கன்றுக்குப் பதிவேடு ஏது? சினை ஊசி போட்ட மாடு மூன்று வாரமோ சில மாதங்களோ கழித்து மீண்டும் பருவத்துக்கு வருகிறது. 'சினை நிற்கவில்லை' என்று எழுதிக்கொண்டு மறு ஊசி போடுகிறார்கள். அதற்குக் காரணம் தீவனமா, வெயிலா, ஊசி போட்ட நேரமா, ஜீனா என்று யார் சொல்ல முடியும்?

இந்தப் புதிரைப் பால் வான்ரேடனும் அவருடைய குழுவினரும் 2011ஆம் ஆண்டில் அவிழ்த்த விதம் அழகானது. அதற்குள் அமெரிக்காவில் பல ஆயிரம் மாடுகளின் ஜீன் அடையாளங்கள் சோதிக்கப்பட்டிருந்தன. குரோமோசோமில் குறிப்பிட்ட ஒரு துண்டு எத்தனை மாடுகளில் ஒற்றைப் பிரதியாக இருக்கிறது என்று தெரிந்தால், எத்தனை மாடுகளில் இரட்டைப் பிரதியாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். கணக்குப்படி இருக்க வேண்டிய இரட்டைப் பிரதி மாடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையென்றால், அத்துண்டில் ஏதோ கொல்லும் குறை ஒளிந்திருக்கிறது என்று பொருள். வகுப்பில் காலியாக இருக்கும் பெஞ்சைப் பார்த்து, வராதவர் யார் என்று ஆசிரியர் கண்டுபிடிப்பதைப் போன்றது இது. இம்முறையில் ஹோல்ஸ்டீனில் மூன்றும், ஜெர்சியில் ஒன்றும், பிரௌன் ஸ்விஸில் ஒன்றுமாக ஐந்து துண்டுகள் அகப்பட்டன.

நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். 2016ஆம் ஆண்டு ஆய்வில் 2,46,773 ஹோல்ஸ்டீன் மாடுகளைச் சோதித்ததில் 5,299 மாடுகள் அபாஃப்-1 பிழையின் கடத்திகள். விகிதம் 2.15 விழுக்காடு. ஒவ்வொரு மாட்டிலும் இரு பிரதிகள் உள்ளமையால், கெட்ட பிரதியின் விகிதம் இதில் பாதி, 0.0107. அதன் வர்க்கத்தை மொத்த மாடுகளால் பெருக்கினால் சுமார் 28 வரும். ஆகவே 28 மாடுகளாவது இரட்டைப் பிரதியோடு இருந்திருக்க வேண்டும். இருந்தவை எத்தனை? ஒன்றுமில்லை. அந்தப் பூஜ்யமே சாட்சி.

சீஃபைத் தேர்ந்தெடுத்தவர்களைக் குற்றம் சொல்வதும் நியாயமாகாது. கெட்ட பிரதி ஒன்று இன்னொன்றைச் சந்தித்தால்தான் கேடு வெளிப்படும். சீஃபின் காலத்தில் அந்தச் சந்திப்புக்கு இடமே இல்லை. பேரனும் பேத்தியும், கொள்ளுப் பேரனும் கொள்ளுப் பேத்தியும் இணைந்த பிறகே அது நிகழ்ந்தது. அப்போது அது ஆயிரக்கணக்கான பண்ணைகளில், பண்ணைக்கு ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடந்தது.

ஏட்டில் ஏறாத பெருஞ்செலவு

இனி என் முதல் குறைக்கு வருகிறேன். இக்கணக்கு ஒரே ஒரு ஜீனை மட்டும் செலவில் எழுதுகிறது.

கடத்திகள் 8 விழுக்காடு இருந்த காலத்தையே எடுத்துக்கொள்வோம். கடத்தி காளையும் கடத்தி பசுவும் தற்செயலாகச் சேரும் வாய்ப்பு 0.08 × 0.08, அதில் நான்கில் ஒரு கருவுக்குக் கேடு. பெருக்கிப் பார்த்தால் 0.0016. அதாவது 10,000 கருக்களில் 16.

இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறொரு புள்ளிவிவரத்தைப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தில் 1951ஆம் ஆண்டில் கறவைப் பசுக்கள் 100க்கு ஊசி போட்டால் சுமார் 65 சினையாயின. 1990களின் நடுவில் அது சுமார் 40 ஆகிவிட்டது. 100க்கு 25 வீழ்ச்சி என்றால் 10,000க்கு 2,500. அபாஃப்-1 பிழையோ 16! செய்தித் தாள்களில் தலைப்புப் பெற்ற குற்றவாளி, களவுபோன பொருளில் நூற்றில் ஒரு பங்குகூட எடுத்தவன் அல்லன். மற்றது எங்கே போயிற்று?

ஜீன்களை மட்டும் சாடினால் அதுவும் பிழையாகும். மந்தைகள் பெரிதாயின, பருவ அறிகுறியைக் கவனித்துப் பார்க்கும் கண்கள் குறைந்தன. கன்று ஈன்ற பிறகு சில வாரங்களுக்குப் பசு தின்பதைவிடக் கறப்பது அதிகம். உடம்பின் கொழுப்பைக் கரைத்துப் பாலாக்கும் அந்நாட்களில் சினைப்பைக்குக் கிடைக்கும் சத்து குறைகிறது. கறவையில் இல்லாத கிடேரிகளில் சினைப்படும் வீதம் அதே காலத்தில் பெரிதாகச் சரியவில்லை என்பது இதற்குச் சான்று.

ஆனால் அவ்வளவு பால் கறக்கும்படி பசுவை ஆக்கியது எது? 1950ஆம் ஆண்டில் அமெரிக்கப் பசு ஒன்று சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 2,400 கிலோ பால் கறந்தது. 2000ஆம் ஆண்டில் சுமார் 8,250 கிலோ. இந்த உயர்வில் தீவனத்துக்கும் பராமரிப்புக்கும் பங்கு உண்டு. பாலை மட்டுமே பார்த்துக் காளைகளைத் தேர்ந்தெடுத்ததற்கும் பெரும் பங்கு உண்டு. அதிகப் பால் தரும் ஜீன்களில் பல, சினைப்படுவதைச் சற்றுத் தாமதப்படுத்தும் ஜீன்களாகவும் இருக்கின்றன. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. நூற்றுக்கணக்கில் சேரும்போது இனமே நகர்ந்துவிடுகிறது.

கலிபோர்னியாவில் ஏழு பண்ணைகளில் நடந்து 2006ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே கொட்டகையில் தூய ஹோல்ஸ்டீன் பசுக்களும், ஹோல்ஸ்டீனுக்கு நார்மண்டி, மான்பெலியார்ட், ஸ்காண்டிநேவியச் சிவப்பு இனக் காளைகள் சேர்ந்து பிறந்த கலப்பினப் பசுக்களும் இருந்தன. கலப்பினப் பசுக்கள் ஏறத்தாழ மூன்று வாரம் முன்னதாகவே சினையாயின. கலப்பினத்துக்கு இயல்பாக உள்ள வீரியத்துக்கு இதில் ஒரு பங்கு கொடுத்தாலும், தீவனமே எல்லாம் என்ற வாதம் இங்கே நிற்காது.

'நான்கு விழுக்காடு' என்ற சொல்லின் பொருள்

அறிவியலறிந்த ஒரு நாட்டில், இவ்வளவு பெரிய சரிவை எப்படி நாற்பது ஆண்டுகள் விட்டுவைத்தார்கள்? இக்கேள்விக்குப் பதில் ஒரு சிறிய எண்ணில் இருக்கிறது. மாணவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

பசுவுக்குப் பசு காணும் வேறுபாட்டில் எத்தனை பங்கு ஜீன்களால் வருகிறது என்பதைப் பாரம்பரிய விகிதம் என்பர். பாலுக்கு இது ஏறத்தாழ 25 விழுக்காடு. சினைப்படும் திறனுக்கோ சுமார் 4 விழுக்காடுதான். 'வெறும் நான்கு! மீதி தொண்ணூற்றாறும் தீவனமும் பராமரிப்புந்தானே? இதற்காகக் காளையைத் தேர்ந்தெடுத்து என்ன பயன்?' என்று பல காலம் பேசப்பட்டது.

இவ்வாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. இந்த ஒரு பசு இம்முறை ஏன் சினையாகவில்லை என்பது முதல் கேள்வி. இதற்கு நான்கு விழுக்காடு தரும் பதில் சரியானதே: காளையின் மேல் பழி போடுமுன் தீவனத் தொட்டியைப் பார், வெயிலைப் பார், ஊசி போட்ட நேரத்தைப் பார். இக்காளையின் ஆயிரம் மகள்கள் மற்றொரு காளையின் ஆயிரம் மகள்களைவிட மெதுவாகச் சினையாகின்றனவா என்பது இரண்டாவது கேள்வி. ஆயிரம் பசுக்கள் ஆயிரம் கொட்டகைகளில் இருக்கும்போது, ஒன்றின் நல்ல தீவனமும் மற்றொன்றின் கெட்ட தீவனமும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். மிஞ்சி நிற்பது காளையின் ஜீன்கள்.

இதற்கு எளிய சூத்திரம் உண்டு. ஒரு காளையைப் பற்றிய மதிப்பீடு எவ்வளவு நம்பத் தகுந்தது என்பது, மகள்களின் எண்ணிக்கையை, அதனோடு ஒரு மாறிலியைக் கூட்டி வந்த தொகையால் வகுத்தால் கிடைக்கும். பாரம்பரிய விகிதம் 25 விழுக்காடானால் அம்மாறிலி 15. நான்கு விழுக்காடானால் 99. ஆகவே பாலைப் பொறுத்தவரை 15 மகள்களைப் பார்த்தால் 50 விழுக்காடு நம்பிக்கை கிடைக்கும். சினைத் திறனுக்கு அதே நம்பிக்கை பெற 99 மகள்களைப் பார்க்க வேண்டும். 300 மகள்கள் என்றால் 75 விழுக்காடு. 1,000 என்றால் 90க்கு மேல். உழவனுக்கு 99 பசுக்கள் பெரிய எண்ணிக்கைதான். உறைவிந்துக் காளைக்கோ அது ஒரு பொருட்டே அல்ல. சீஃபுக்கு 16,000 மகள்கள்; நம்பிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல்!

ஆகவே நான்கு என்ற எண்ணின் பொருள் 'முடியாது' என்பதன்று. 'நிறைய எண்ணு' என்பதே. எண்ணுவதற்குரிய ஏடுகளும் இருந்தன. 2003ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறை, 'மகள் சினை வீதம்' என்ற அளவை வெளியிடத் தொடங்கியது. சினையில்லாத பசுக்களில் 21 நாளுக்கு ஒருமுறை எத்தனை விழுக்காடு சினையாகின்றன என்பதே அந்த அளவு. அது ஒரு புள்ளி உயர்ந்தால், பசு ஏறத்தாழ நான்கு நாள் முன்னதாகச் சினையாகும். பழைய பதிவேடுகளைக் கொண்டு, 1960ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த பசுக்கள் வரை இதைப் பின்னோக்கிக் கணக்கிட முடிந்தது. ஆண்டுதோறும் ஜீன் தரம் இறங்கிக்கொண்டே வந்திருப்பது அப்போது வரைபடத்தில் பளிச்சென்று தெரிந்தது. காகிதத்தில் எல்லாம் இருந்தது. கூட்டிப் பார்ப்பார்தாம் இல்லை.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. தேர்வில் மதிப்பெண் கொடுக்கப்படாத குணம், இருந்த இடத்தில் சும்மா இருப்பதில்லை. மதிப்பெண் பெறும் குணம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் அதுவும் இழுபட்டுப் போகும்.

எதனோடு ஒப்பிடுவது?

இரண்டாவது குறை இதுதான். அந்த 3,000 கோடி டாலர், சீஃபை ஒரு சாதாரணக் காளையோடு ஒப்பிட்டு வந்த தொகை. சாதாரணக் காளையை விட்டால் வேறு வழியே இல்லை என்பது போல அது பேசுகிறது. பாலையும் சினைத் திறனையும் சேர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த காளைகளோடு அல்லவா ஒப்பிட வேண்டும்?

இது வெறும் கற்பனை அன்று. நார்வே நாட்டுப் பண்ணையாளர்களின் கூட்டுறவு, தங்கள் சிவப்புக் கறவை இனத்துக்கு 1970களின் தொடக்கத்திலேயே சினைத் திறனையும் மதிப்பெண் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒவ்வொரு காளைக்கும் இருநூறுக்கு மேற்பட்ட மகள்களைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள். சூத்திரம் கேட்ட எண்ணிக்கையை அவர்கள் கொடுத்தார்கள். அங்கே பாலும் பெருகியது. சினைத் திறனும் பிடித்து நிறுத்தப்பட்டது. பால் பெருகிய வேகம் அமெரிக்க ஹோல்ஸ்டீனின் வேகம் அன்று என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டையும் ஒன்றாக நடத்திச் செல்ல முடியாது என்ற வாதம் அங்கே பொய்த்தது.

அதற்காக வட நாடுகளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அதே பகுதியின் சிவப்பு இனங்களில் 2014ஆம் ஆண்டில் ஒரு வியப்பான செய்தி கிடைத்தது. பன்னிரண்டாவது குரோமோசோமில் சுமார் 6,60,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டே பல மாடுகளில் இல்லை. இரு பக்கமும் இல்லாமற்போனால் கரு மடிந்துவிடும். அப்படிப்பட்ட கேடு இனத்தில் அரிதாகத்தானே இருக்க வேண்டும்? டென்மார்க்கில் 13, சுவீடனில் 23, பின்லாந்தில் 32 விழுக்காடு மாடுகள் அதன் கடத்திகளாக இருந்தன! காரணம், அத்துண்டை ஒரு பக்கம் இழந்த பசு அதிகப் பால் கறக்கிறது. பாலுக்குத் தேர்ந்தெடுத்த கை, தானறியாமலே கருக்கொல்லியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டது. சீஃபின் பிழை தற்செயலாக ஒட்டிக்கொண்டு வந்தது. இங்கேயோ பாலும் கேடும் ஒரே முடிச்சில் இருந்தன. சினைத் திறனை ஏட்டில் சேர்த்த பின்னும் அடிக்கடி கூட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாவது குறை, வரவும் செலவும் ஒரே கையில் விழுவதில்லை என்பது. கூடுதல் பாலின் பயன், பால் வாங்குவோர், ஆலைகள், விந்து விற்போர், பண்ணையாளர் எனப் பலருக்கும் பங்காகிறது. சிதைந்த கருவின் இழப்பு முழுவதும் அந்த மாட்டுக்குரியவனுடையது. ஆயிரம் மாடு வைத்திருப்பவனுக்கு அது கணக்கில் ஒரு வரி. ஒரே மாடு வைத்திருப்பவனுக்கு அது ஓராண்டு வருமானம். மொத்தத் தொகையை மட்டும் போட்டால் இந்த வேற்றுமை மறைந்துவிடுகிறது.

நாம் என்ன செய்ய வேண்டும்?

நல்ல செய்தியும் உண்டு. பிழை தெரிந்த பிறகு, அபாஃப்-1 கடத்திகள் முன்பிருந்த 8 விழுக்காட்டிலிருந்து 2015ஆம் ஆண்டில் 2 விழுக்காடாகக் குறைந்தன. கடத்திகளை எல்லாம் ஒழித்துக்கட்டத் தேவையில்லை. அப்படிச் செய்தால் அவற்றோடு நல்ல ஜீன்களும் போய்விடும். கடத்தியைக் கடத்தியோடு சேர்க்காமல் இருந்தாலே போதும். 2003க்குப் பின் சினைத் திறனுக்கும் மதிப்பெண் கிடைத்தது. 2009 முதல் ஜீன் அடையாளங்களைக் கொண்டு இளங்கன்றிலேயே மதிப்பிடும் முறையும் சேர்ந்தது. நெடுங்காலச் சரிவு நின்று, வரைபடம் மேல் நோக்கித் திரும்பியது. 'நான்கு விழுக்காட்டில் ஒன்றும் செய்ய முடியாது' என்றவர்களுக்கு அந்த வரைபடமே பதில்.

இது நமக்குத் தொலைவான கதையன்று. தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் நிற்கும் கலப்பின மாடுகள் பெரும்பாலும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இரத்தம் கலந்தவை. ஜெர்சியில் அகப்பட்ட கருக்கொல்லித் துண்டை 1962ஆம் ஆண்டில் பிறந்த 'அப்சர்வர் சாக்லேட் சோல்ஜர்' என்னும் காளை வரை தடம் பிடித்திருக்கிறார்கள். அமெரிக்க ஜெர்சி மாடுகளில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானவை அதன் கடத்திகளாக இருந்தன. நாட்டுப் பசுவுக்கு வெளிநாட்டுக் காளை சேர்ந்த முதல் தலைமுறையில் இந்த ஆபத்து இல்லை. கெட்ட பிரதி ஒரு பக்கம் மட்டுமே வரும். மகளுக்கும் பேத்திக்கும் தொடர்ந்து அதே இனத்து விந்தையே செலுத்திக்கொண்டு போகும்போதுதான் இரு பக்கமும் சந்திக்க வழி பிறக்கிறது.

ஆகவே வாசகர்கள், குறிப்பாகக் கால்நடைப் படிப்புக்குப் போகும் மாணவர்கள், மூன்று செய்திகளை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். விந்துக் குச்சியின் மேல் எழுதியுள்ள காளை எண்ணை மாட்டின் அட்டையில் குறித்து வைப்பது முதலாவது. எந்தக் காளை என்று தெரியாவிட்டால் எந்தக் கணக்கும் தொடங்காது. 'இக்காளையின் தாய் எத்தனை லிட்டர் கறந்தது?' என்று கேட்பதோடு நில்லாமல், 'இதன் மகள்கள் எத்தனை நாளில் சினையாகின்றன? கருக்கொல்லி ஜீனுக்குச் சோதிக்கப்பட்டதா?' என்றும் கேட்பது இரண்டாவது. மூன்றாவது எல்லாவற்றினும் முக்கியம். வீட்டுக்கு ஒன்றிரண்டு மாடுகள் உள்ள நாட்டில், எந்தத் தனி உழவனும் 99 மகள்களைப் பார்க்க முடியாது. பல்லாயிரம் வீடுகளின் ஊசித் தேதியும் ஈன்ற தேதியும் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அந்த நான்கு விழுக்காடு வாய் திறந்து பேசும்.

மாடு சினை நிற்காதபோது முதலில் தீவனத்தையும் பராமரிப்பையும் பாருங்கள். நான்கு விழுக்காடு நமக்குச் சொல்வது அதுதான். அடுத்த தலைமுறைக்குக் காளையைத் தேர்ந்தெடுக்கும்போது மகள்களின் கணக்கைக் கேளுங்கள். அதே நான்கு விழுக்காடு இதையும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் கேட்டதற்கு ஹோல்ஸ்டீன் இனம் நாற்பது ஆண்டுகள் விலை கொடுத்தது. பாலை மட்டும் வரவு வைத்து, சிதைந்த கருக்களில் ஒரே ஜீனின் பங்கை மட்டும் செலவு வைத்து முடித்த கணக்கு இன்னும் முடியாத கணக்கே. மிச்சப் பக்கங்களை எழுதும் வேலை அடுத்துவரும் மாணவர்களுடையது.